சிறுத்துக்கொண்டே போகும் எழுத்து

தம்பி,

இன்றைக்குப் பௌர்ணமி. விடிந்ததிலிருந்தே தெரு நம்முடையதாக இல்லை. செங்கம் ரோட்டில் வண்டிகளைத் திருப்பிவிட்டார்கள். கிரிவலம் போகிற ஜனம் மட்டும் நம் வாசலைத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கிறது. பஸ்ஸெல்லாம் ஊருக்கு வெளியிலேயே நின்றுவிடும் என்பதால் டியூஷன் பிள்ளைகளுக்கு நேரில் வகுப்பு கிடையாது, ஆன்லைனிலும் இன்றைக்கு லீவு என்று நேற்றே சொல்லியாயிற்று. உன் அப்பா மின்வாரியத்துப் பழைய நண்பர்களோடு தண்ணீர்ப் பந்தல் போடப் போயிருக்கிறார், சாயங்காலம்தான் திரும்புவார். இப்படி ஒரு நாள் வாய்த்தால் உனக்கு எழுதிவிட வேண்டும் என்று காத்திருந்தேன். வாய்த்த பிறகு உட்கார முடியவில்லை. எழுந்துபோய்ப் பால் காய்ச்சினேன், குடிக்காமல் மூடி வைத்தேன். துணி காய்ந்துவிட்டதா என்று மாடிக்குப் போனேன், அது எப்படி அதற்குள் காயும். அங்கேயே நின்று கூட்டத்தை வேடிக்கை பார்த்தேன். யாரோ ஒருவர் கீழிருந்து குடிக்கத் தண்ணீர் கேட்டார், கொண்டுபோய்க் கொடுத்தேன். இனிமேல் செய்வதற்கு வேலை எதுவும் மிச்சமில்லை என்று தெரிந்த பிறகுதான் இந்தப் பேனாவைக் கையில் எடுத்திருக்கிறேன்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்துச் சொன்னால் நீ பாதியிலேயே போன் பண்ணிவிடுவாய். என் வலது கையில் ஒரு கோளாறு வந்திருக்கிறது. பார்க்கின்சன் என்று வேலூர் டாக்டர் சொல்கிறார். பதறாதே. மாத்திரை கொடுத்திருக்கிறார், வருஷக்கணக்கில் சமாளித்துக்கொண்டு போகலாம், வகுப்பும் எடுக்கலாம் என்று அவரே சொன்னார். இதை நீ ஜப்பானுக்கு விமானம் ஏறுவதற்கு முன்னால் சொல்வதா, ஏறி இறங்கி வேலையில் சேர்ந்த பிறகு சொல்வதா என்றுதான் உன் அப்பாவும் நானும் இத்தனை நாளாகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம். முன்னால் சொன்னால் நீ போகமாட்டாய் என்பது என் கட்சி. பின்னால் சொன்னால் நீ எங்களை மன்னிக்கமாட்டாய் என்பது அவர் கட்சி. இரண்டும் உண்மை என்பதால் சண்டை முடிந்தபாடில்லை.

நீ ஊரில் இருந்த அந்த ஊரடங்கு நாட்களை நினைத்துக்கொள். டியூஷன் மொத்தமும் நின்றுபோய், நான் பைத்தியம் பிடித்தவள் மாதிரி வீட்டுக்குள்ளேயே நடந்துகொண்டிருந்தபோது, பேனாவால் எழுதுகிற அந்த டேப்லெட்டை நீதான் வாங்கி வந்து என் மடியில் வைத்தாய். கண்ணாடி மேல் எப்படிடா கணக்குப் போடுவது என்று கேட்டேன். பேனா வழுக்கியது. உள்ளங்கை பட்ட இடமெல்லாம் கோடு விழுந்தது. நான் எழுதுவதை அச்செழுத்தாக மாற்றிக் காட்டும் என்று நீ பெருமையாகச் சொன்ன அந்த வசதி இருக்கிறதே, அது என் உயிரை வாங்கியது. ஏழு எழுதினால் ஒன்று என்று காட்டும். இன்டெக்ரல் குறியை எழுதினால் ஆங்கில எழுத்து எஸ் என்று போடும். தமிழில் எழுதினால் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று கசாப்புக் கடை மாதிரி பிரித்து வைக்கும். பிள்ளைகள் ஆன்லைனில் சிரிக்க, எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும். எல்கேஜி பிள்ளை மாதிரி ஒவ்வொரு எழுத்தாகத் தூக்கித் தூக்கி எழுதிப் பழகினேன். அதற்குப் புரிகிற மாதிரி நான் எழுதவேண்டும் என்று இருந்த காலம் அது.

நீ வேலை இல்லாமல் இருந்த காலமும் அதையொட்டித்தான் வந்தது. அதை நினைவுபடுத்துகிறேனே என்று முகத்தைச் சுளிக்காதே, காரணம் இருக்கிறது. பெங்களூரில் உன் முதல் கம்பெனி ஆட்களைக் குறைத்ததில் உன்னையும் அனுப்பிவிட்டார்கள். நீ எங்களிடம் மூச்சு விடவில்லை. தினமும் சாயங்காலம் போன் பண்ணி, ஆபீஸ் நல்லா போகுதும்மா, இன்னைக்கு மீட்டிங் ஜாஸ்தி என்று கதை சொன்னாய். ஒரு புதன்கிழமை முன்னறிவிப்பில்லாமல் வீட்டுக்கு வந்து நின்றாய். கழுத்தில் எப்போதும் தொங்கும் அடையாள அட்டை இல்லை. பையைக் கீழே வைத்தபோது அதில் லேப்டாப் இல்லாத சத்தம் கேட்டது. நான் எதுவும் கேட்பதற்கு முன்னால் நீ அழுதுவிட்டாய். அன்றைக்கு நான் உன்னைத் திட்டிய திட்டு பக்கத்து வீட்டுக்கே கேட்டிருக்கும். வேலை போனதற்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை, மறைத்ததற்குத்தான் அவ்வளவும். "நல்ல சேதிய நீ யாருக்கு வேணா மொதல்ல சொல்லிக்கோ. கெட்ட சேதின்னா எங்களுக்குத்தான் மொதல்ல சொல்லணும்," என்று உன்னிடம் சத்தியம் வாங்கினேன். உன் அப்பா இப்போது அந்த வார்த்தையை எடுத்து வைத்துக்கொண்டு என்னைப் படுத்துகிற பாடு கொஞ்சநஞ்சமில்லை.

அதற்கப்புறம் கையெழுத்தைப் படிக்கும் மென்பொருள் செய்கிற இந்த ஜப்பான் கம்பெனியில் நீ சேர்ந்தாய். தமிழ்க் கையெழுத்துக்கு ஆள் கிடைக்கவில்லை, மாதிரி வேண்டும் என்று என்னிடம் வந்தாய். உனக்கு நினைவிருக்கும், முதல் தடவை நான் முத்து முத்தாக எழுதிக் கொடுத்தேன். போர்டில் எழுதிப் பழகிய கை, மகனுடைய ஆபீஸுக்குப் போகிறது, சும்மா விடுவேனா. நீ பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாய். "ம்மா, அழகா எழுதாத. கடைக்குச் சாமான் எழுதுற மாதிரி, அவசரத்துல எழுதுற மாதிரி இஷ்டத்துக்கு எழுது. அப்பதான் அது கத்துக்கும்," என்றாய். அழகாக எழுதாதே என்று என்னிடம் சொன்ன முதல் ஆள் நீதான். அப்புறம் ஒரு முழு விடுமுறை உட்கார்ந்து கண்டபடி எழுதித் தள்ளினேன். உன் அப்பாவையும் எழுதச் சொன்னாய். அவர் திரும்பத் திரும்பத் தன் கையெழுத்தை மட்டும் போட்டுவிட்டுப் போதும் என்று எழுந்துவிட்டார். ஜப்பான்காரன் நடுங்கப் போகிறான் அவர் கையெழுத்தைப் பார்த்து.

அதற்குப் பிறகு அது தேறிக்கொண்டே வந்தது. ஒவ்வொரு முறை நீ ஊருக்கு வரும்போதும் புதிது போட்டுக் கொடுத்துவிட்டுப் போவாய், ஒவ்வொரு முறையும் திருத்த வேண்டியது கம்மியாகும். கொம்பும் காலும் சேர்ந்து வந்தன. ஏழு ஏழாகவே வந்தது. நான் பின்னம் போட்டால் கோடு தானாக நேராகும். பௌர்ணமி தோறும் ஆன்லைன் வகுப்பு எடுப்பது எனக்கு ஒரு கொண்டாட்டமாகவே ஆகிவிட்டது. அப்புறம் நேரில் வகுப்பு எடுக்கும்போதும் டேப்பில் எழுதிச் சுவரில் படமாகக் காட்டத் தொடங்கினேன். போர்டுப் பக்கமே போகவில்லை. மளிகைச் சாமானும் டேப், உனக்குச் சேதியும் டேப். வீட்டில் காகிதத்தில் பேனா வைத்து நான் எழுதி எத்தனை நாளாயிற்று என்று எனக்கே தெரியாது. போன வருஷம் நீ போனில் சந்தோஷமாகச் சொன்னாய், இப்ப உன் கையெழுத்துல தப்பே வர்றதில்லம்மா என்று. வயசு ஆக ஆக எனக்கு எழுத்து தேறுதுடா என்று நான் சொன்னேன். அதை நம்பவும் செய்தேன். சிரிக்காமல் படி, இதுதான் நான் செய்த முட்டாள்தனம். அது தப்பில்லாமல் படிக்கிறது என்றால் நான் தப்பில்லாமல் எழுதுகிறேன் என்று கணக்கு டீச்சரான நான் முடிவு கட்டியிருந்தேன்.

காலாண்டுப் பரீட்சைக்குக் கொஞ்ச நாள் முன்னால் ஒரு சனிக்கிழமை பிளஸ் டூ பிள்ளைகள் எல்லாரும் வந்திருந்தார்கள். நடுவகுப்பில் கரண்ட் போய்விட்டது. சுவரில் படம் இல்லை. சரி, இருக்கவே இருக்கிறது பழைய வெள்ளைப் போர்டு என்று மார்க்கரை எடுத்துக்கொண்டு பெரிய கணக்கு ஒன்றைப் போட ஆரம்பித்தேன். பேசிக்கொண்டே எழுதிக்கொண்டு போகிறேன், பின்னால் சத்தமே இல்லை. வழக்கமாக ஏதாவது ஒரு வாயாடி குறுக்கே பேசும். கீழ்பென்னாத்தூரிலிருந்து வருகிற பெண் ஒருத்தி, நன்றாகப் படிக்கிறவள், தயங்கித் தயங்கி எழுந்தாள். "மிஸ், கடைசி ரெண்டு வரி தெரியல மிஸ். கொஞ்சம் பெருசா எழுதுறீங்களா?" என்றாள். கண்ணாடி மாத்தணும்டி நீ என்று கேலி செய்துகொண்டே நான் இரண்டடி தள்ளி வந்து பார்த்தேன். முதல் வரி என் எழுத்து. அதற்குக் கீழே வரவர எழுத்து சிறுத்துக்கொண்டே போய், கீழ் வரிகள் ஒரு பக்கமாகச் சாய்ந்து, கடைசியில் நான் எழுதியது எனக்கே தெரியவில்லை. அழித்துவிட்டுப் பெரிதாக எழுதப் பார்த்தேன். மனதுக்குள் பெரிதாகத்தான் எழுதுகிறேன், கை எழுதவில்லை. மார்க்கர் தீர்ந்துபோச்சு என்று ஒரு பொய் சொல்லி எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பினேன். அந்தப் பெண் போகும்போது என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனாள்.

உன் அப்பாவிடம் சொல்லவில்லை. சொல்லாமலேயே அவருக்குத் தெரிந்திருந்தது என்பது அடுத்த வாரம்தான் தெரிந்தது. கூட்டம் இல்லாத நாள் பார்த்து விடியற்காலையில் நாங்கள் இரண்டு பேரும் மலை சுற்றுவோம் அல்லவா, அன்றைக்கு அவர் வழக்கத்துக்கு மாறாக என் பக்கத்தில் வராமல் பின்னாலேயே வந்தார். மூட்டு வலியோ என்று நினைத்தேன். அடி அண்ணாமலை டீக்கடையில் உட்கார்ந்த பிறகு, டம்ளரைச் சுழற்றிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார். "உன் எடது கை வீசி நடக்குது. வலது கை ஆடவே மாட்டேங்குது. பை எதுனா தூக்கிட்டுப் போற மாதிரி வச்சிருக்க. நானும் ரொம்ப நாளா பாத்துட்டுதான் வரேன்." எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பொண்டாட்டி கையை அளந்துகொண்டு பின்னால் வருவதுதான் கிரிவலமா என்று கடையில் வைத்தே கேட்டேன். அவர் டீக்குக் காசு கொடுத்துவிட்டு எழுந்தார். வேலூர் டாக்டரிடம் ஏற்கெனவே நாள் வாங்கியிருந்தார், எனக்குத் தெரியாமல். மீதி தூரம் முழுக்க நான் வலது கையை வேண்டுமென்றே வீசி வீசி நடந்தேன். நினைத்துக்கொண்டிருக்கும் வரை வீசும். நினைப்பு வேறு பக்கம் போனதும் நின்றுவிடும். அதைக் கண்டுபிடித்த இடத்திலேயே ஓரமாகக் கல்மேல் உட்கார்ந்துவிட்டேன்.

வேலூரில் அந்த டாக்டர் சின்னப் பையன், உன்னைவிடக் கொஞ்சம்தான் மூத்தவனாக இருப்பான். விரலைத் தட்டச் சொன்னான், நடக்கச் சொன்னான், என் மணிக்கட்டைப் பிடித்து ஆட்டினான். அப்புறம் ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து ஏதாவது ஒரு வரியைத் திரும்பத் திரும்ப எழுதச் சொன்னான். என்ன எழுதுவது என்று தெரியாமல் 'அண்ணாமலையாருக்கு அரோகரா' என்று எழுதினேன். திருவண்ணாமலைக்காரிக்கு வேறென்ன தோன்றும். பேனா காகிதத்தில் உரசுகிற அந்தச் சத்தமே எனக்குப் புதிதாக இருந்தது. பக்கத்தின் அடிக்கு வருவதற்குள் அரோகரா எறும்பு மாதிரி ஆகிவிட்டது. எனக்கு வெட்கமாக இருந்தது தம்பி. வியாதியை நினைத்து இல்லை, எழுத்தை நினைத்து. அந்த வெட்கத்தில் டாக்டரிடம் சண்டைக்கே போய்விட்டேன். டேப்பில் எல்லாம் நன்றாகத்தானே வருகிறது, என் மகன் செய்ததுதான் அது, ஒரு தப்புகூட வருவதில்லை, வேண்டுமானால் எழுதிக் காட்டட்டுமா என்று பையைத் திறந்தேன். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னான்: "அது நல்லா படிக்குதும்மா. நீங்க நல்லா எழுதுறீங்கன்னு அதுக்கு அர்த்தம் இல்ல."

கை நடுங்கவே இல்லையே டாக்டர் என்று கேட்டேன். எல்லாருக்கும் நடுக்கத்தில் ஆரம்பிக்காது, சிலருக்கு எழுத்து சிறுத்துப்போவதில்தான் முதலில் தெரியும், அதை வீட்டில் யாராவது கவனித்திருப்பார்களே என்றான். உன் அப்பா கூரையைப் பார்த்தார். வீட்டில் யார் என் எழுத்தைப் பார்த்தார்கள்? எல்லாருக்கும் போனது அச்செழுத்துதான். உனக்கும் அதுதான் வந்தது. நான் எவ்வளவு சின்னதாகக் கிறுக்கினாலும் அது ஒரே அளவில், ஒரே நேர்கோட்டில், பாடப் புத்தகம் மாதிரி உன் போனில் வந்து விழுந்தது.

அன்றைக்கு வீடு வந்து சேர்ந்ததும் நான் என்ன செய்தேன் தெரியுமா? உனக்குச் சொல்லிவிடுவது என்றுதான் டேப்பை எடுத்தேன். நீ காலையில் கேட்டிருந்தாய், எப்படிம்மா இருக்கே என்று. 'எனக்கு' என்று எழுதினேன். அடுத்த சொல்லுக்குக் கை நின்றுவிட்டது. அங்கேயே சுருண்டு ஏதோ கோடு இழுத்தது, எழுத்தே இல்லை அது. ஆனால் உன் மென்பொருள் அதை விடவில்லை. தினமும் காலையில் நான் உனக்கு எழுதுகிற ஒரே பாட்டு அதற்குத் தெரியுமே. 'எனக்கு ஒண்ணும் இல்ல, நல்லா இருக்கேன்' என்று முழுசாகப் போட்டு, அனுப்பட்டுமா என்று கேட்டது. நான் அதை வெறித்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் மேல் எனக்குக் கோபம் வந்தது, அதன் மேல் வந்தது, உன் மேலும் கொஞ்சம் வந்தது, மறைக்கமாட்டேன். அப்புறம் விரல் தானாகப் போய் அனுப்பிவிட்டது. நீ உடனே ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாய்.

அதைப் பார்த்த உன் அப்பா அன்றிலிருந்து விடவில்லை. "அவன் பண்ணதுதான் உன்ன மறைச்சு வச்சுது. அவனுக்குத் தெரியணும்," என்றார். அதனால்தான் தெரியக்கூடாது என்று நான் கத்தினேன். நான் பயப்பட்டதே அதற்குத்தான். நீ விமானத்தில் உட்கார்ந்துகொண்டு, நாம் செய்ததால்தான் அம்மாவுக்கு வந்தது ஒரு வருஷம் தெரியாமல் போயிற்று என்று மாய்ந்துபோவாய். உன்னை எனக்குத் தெரியும். சின்னதில் டம்ளர் உடைந்தால்கூட உடைத்தவனைவிட நீ ஜாஸ்தி அழுவாய். ஆகவே இதை நன்றாகக் கேட்டுக்கொள். உன் வேலையில் தப்பில்லை. கோணல்மாணலாக எழுதுகிறவனுடைய எழுத்தையும் படிக்க வேண்டும் என்பதுதானே அதன் வேலை, அது செய்தது. என் எழுத்தைப் பார்க்க வேண்டியது நான். வகுப்பில் எத்தனை தடவை சொல்லியிருப்பேன், விடையை மட்டும் பார்க்காதீர்கள், வழியைப் பாருங்கள் என்று. என் விடை சரியாக வந்துகொண்டிருந்ததால் வழியை நான் திரும்பிப் பார்க்கவே இல்லை.

இருந்தாலும் ஒன்று கேட்கிறேன், தெரியாமல்தான் கேட்கிறேன். அது என் எழுத்து சிறுத்ததை அறியாமலா என்னைப் படித்தது? அளவு தெரியாமல் எப்படிப் படிக்கும்? எங்கேயோ அதற்குத் தெரிந்திருக்கிறது, வேண்டாதது என்று தள்ளிவிட்டிருக்கிறது. தள்ளுகிறதை ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் தள்ள முடியாதா? இல்லை, அப்படிச் சொன்னால் ஊரில் இருக்கிறவன் எல்லாம் பயந்து டாக்டரிடம் ஓடுவானோ? தன் கையைப் பற்றித் தன்னைவிட ஒரு கருவிக்கு ஜாஸ்தி தெரிவதை எத்தனை பேர் பொறுத்துக்கொள்வார்கள்? நானே பொறுத்துக்கொள்வேனா என்று தெரியவில்லை. டீக்கடையில் உன் அப்பாவையே பிடித்துக் கடித்தவள்தானே நான். ஜப்பானில் உன்னோடு உட்காரப் போகிறவர்களிடம் இதைப் பேசிப் பார். அம்மா சொன்னாள் என்று சொல்லவேண்டாம், ஒரு கணக்கு டீச்சர் கேட்டாள் என்று சொல்.

இதோ பார், மறுபடியும் எழுந்து ஒரு சுற்று நடந்துவிட்டு வந்தேன். வெளியே யாரோ ஒலிபெருக்கியில் காணாமல்போன ஒரு ஆளின் சட்டை நிறத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். இந்த மாத்திரை கொஞ்சம் நிம்மதியைக் கெடுக்கிறதா, இல்லை எனக்கு இயல்பே இதுதானா என்று தெரியவில்லை. தினமும் கோடு போட்ட தாளில் பெரிது பெரிதாக எழுதிப் பழகச் சொல்லியிருக்கிறார் டாக்டர். எழுதுகிறேன். போர்டிலும் எழுதுகிறேன், பிள்ளைகளிடம் சொல்லிவிட்டுத்தான் எழுதுகிறேன். எழுத்து சின்னதானால் சத்தம் போடுங்கள் என்று சொன்னேன். அந்தக் கீழ்பென்னாத்தூர்ப் பெண் முதல் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, "மிஸ், பெருசு" என்று வரிக்கு வரி என்னை விரட்டுகிறாள். சில நாள் அது நன்றாக இருக்கிறது. சில நாள் மார்க்கரைத் தூக்கி அவள் மேலேயே எறியலாம் போல இருக்கிறது.

பிள்ளைகளிடம் சொல்லிவிட்டேன், உன்னிடம் சொல்லவில்லை. அது நேற்று ராத்திரி சாப்பிடும்போது எனக்கு உறைத்தது. முப்பது பிள்ளைகளுக்குத் தெரிந்தது என் பிள்ளைக்குத் தெரியாது என்று வாய்விட்டே சொன்னேன். உன் அப்பா அதைக் கேட்டுவிட்டு எனக்கு இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினார்.

ஜப்பானுக்குப் போகிறவனுக்குப் புத்தி சொல்லி எழுதவேண்டும் என்றுதான் நினைத்திருந்தேன். பெரிதாக ஒன்றும் இல்லை. குளிருக்குக் காதை மூடு. புளியும் பருப்புப் பொடியும் தருகிறேன், மானத்தைப் பார்க்காமல் எடுத்துக்கொண்டு போ. கல்யாணப் பேச்சை எடுக்கமாட்டேன், பயப்படாதே, இந்தக் கடிதத்தில் எடுக்கமாட்டேன். அங்கே உனக்கு வேலை பிடிக்காமல் போனாலும், ஆள் பிடிக்காமல் போனாலும், தனியாக இருப்பது தாங்காமல் போனாலும், நல்லா இருக்கேன்மா என்று தினமும் ஒரே வரியை அனுப்பாதே. அந்த வரியை எவ்வளவு சுலபமாக அனுப்பலாம் என்று எனக்கு இப்போது தெரியும். அதனால் நீ அனுப்பினால் நான் நம்பமாட்டேன். உன் குரலைக் கேட்டால்தான் நம்புவேன், முகத்தைப் பார்த்தால்தான் நம்புவேன்.

நீ டிக்கெட்டை ரத்து செய்யக்கூடாது. நீ போகாமல் இங்கே உட்கார்ந்துகொண்டு என் கையையே பார்த்துக்கொண்டிருந்தால் எனக்கு வியாதி முற்றிவிடும், சத்தியமாகச் சொல்கிறேன். ஆனால் கிளம்புவதற்கு முன்னால் ஒரு தடவை வா. பௌர்ணமி முடிந்துவிடும், பஸ் வீட்டுக்குப் பக்கத்திலேயே நிற்கும். எனக்குப் பயமாக இருக்கிறது தம்பி. இதை உன் அப்பாவிடம்கூட இப்படி வெட்டவெளிச்சமாகச் சொல்லவில்லை. சாகிற பயம் இல்லை. உனக்கு நான் எழுதுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்க, வேறு ஏதோ எனக்குப் பதிலாக எழுதிக்கொண்டிருக்குமோ என்ற பயம்.

இதுவரை நீ படித்தது எல்லாம் உன் மென்பொருள் மாற்றிக் கொடுத்த அச்செழுத்து. நடுவில் எங்கே என் கை நின்றது, எங்கே அது தானாக நிரப்பியது என்று எனக்கே சொல்லத் தெரியாது. திரும்பப் படித்துப் பார்த்தேன், நான் சொல்ல நினைத்ததுதான் இருக்கிறது, இருந்தும் மனசு ஒப்பவில்லை. அதனால் இதற்குக் கீழே வருகிற பத்தியை மட்டும் மாற்றாமல், கை எப்படிப் போட்டதோ அப்படியே படமாக அனுப்புகிறேன், அது அச்சில் வராது. ஆரம்பம் புரியும், போகப் போகச் சிரமம். அதை உன் கருவியிடம் கொடுத்துப் படிக்காதே. நீயே உட்கார்ந்து படி. படிக்க வரவில்லை என்றால் போன் பண்ணு, நான் படித்துக் காட்டுகிறேன்.